ஸ்பெயின் போறீங்களா? பாதி வேலை சத்துவாச்சாரியிலேயே இருக்கு!

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தோல் தொழிலைத் தெரியாத குடும்பம் குறைவு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தயாராகும் தோலும் காலணியும் போய்ச் சேரும் நாடுகளில் ஸ்பெயினும் ஒன்று. அந்த நாட்டுக்கும் ஒரு ‘ஆம்பூர்’ உண்டு. அலிகாந்தே மாகாணத்தில் உள்ள எல்ச்சே, எல்தா ஆகிய இரண்டு நகரங்களும் காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. எல்தாவில் காலணிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இகுவலாடா தோல் பதனிடும் ஊர். கடல் தாண்டினால் மெக்சிகோவில் லெயோன் நகரம், அதுவும் தோலுக்கும் ஷூவுக்கும் பேர் போனது.

அதனால் கண்காட்சிக்கு, மெஷின் பயிற்சிக்கு, மேற்படிப்புக்கு, வேலைக்கு என்று ஸ்பானிஷ் பேசும் நாடுகளுக்குப் போகும் வாய்ப்பு நம்ம பகுதி ஆட்களுக்கு வரத்தான் செய்கிறது. கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அதையெல்லாம் போன பிறகும் சமாளித்துக்கொள்ளலாம். ஊரிலேயே சரி செய்யாமல் விட்ட ஒரு பிறப்புச் சான்றிதழை அங்கே போய்ச் சரி செய்வதுதான் ரொம்பக் கஷ்டம். இங்கே ஒரு நாள் அலைச்சலில் முடியும் வேலை, அங்கே போன பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். எனவே இந்தக் கட்டுரை முதலில் இங்கே முடிக்க வேண்டியதைச் சொல்லிவிட்டு, அப்புறம் விமானம் ஏறுகிறது.

முதல் கேள்வி: எதற்காகப் போகிறீர்கள்?

விசா என்பது நாட்டுக்கு மட்டும் வாங்குவதல்ல, நோக்கத்துக்கும் சேர்த்து வாங்குவது. ஸ்பெயின் ஷெங்கன் நாடுகளில் ஒன்று. கண்காட்சி, வியாபாரப் பேச்சு, சுற்றுலா என்றால் குறுகிய கால ஷெங்கன் விசா போதும். இதில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 90 நாட்கள்தான் தங்கலாம். அந்த 90 நாள் ஸ்பெயினுக்கு மட்டும் அல்ல, இத்தாலி, பிரான்ஸ் போன்ற எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்துத்தான். இத்தாலி கண்காட்சியில் 20 நாள் இருந்திருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த விசாவுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போய் நிற்கக் கூடாது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

படிப்போ வேலையோ என்றால் அதற்குத் தனி நீண்டகால விசா. வேலை விசாவில் வரிசை ரொம்ப முக்கியம். முதலில் ஸ்பெயினில் இருக்கும் முதலாளி, உங்களை வேலைக்கு அமர்த்த அந்த நாட்டு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி வந்த பிறகுதான் நீங்கள் இங்கே விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். “இப்போ டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போனதும் ஒர்க் பெர்மிட்டா மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

பெயர்: சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் அதுதான் பெரிய விஷயம்

ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் ஒருவருக்குப் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் இரண்டு. முதல் குடும்பப் பெயர் வழக்கமாக அப்பா வழியில் வருவது, இரண்டாவது அம்மா வழியில் வருவது. தமிழிலும் பலர் படித்திருக்கும் எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். கார்சியா அப்பாவுடையது, மார்க்கேஸ் அம்மாவுடையது. கல்யாணம் ஆனாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. அங்கே எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் பெயருக்கு மூன்று கட்டங்கள் இருக்கும்.

நம்மிடம் இருப்பது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். ரமேஷ்’, பாஸ்போர்ட்டில் ‘ரமேஷ் சண்முகம்’, பிறப்புச் சான்றிதழில் வெறும் ‘ரமேஷ்’ என்று இருந்தால், நமக்கு அது ஒரே ஆள். ஸ்பெயின் அலுவலரின் கண்ணுக்கு அது மூன்று பேர். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டுப் பெயரையும் சேர்த்து இரண்டு மூன்று இனிஷியல் வைக்கும் குடும்பங்கள் உண்டு. முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். இதெல்லாம் ஊரில் யாரும் கேட்காத விஷயம். அங்கே முதல் கேள்வியே இதுதான்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அப்பா ரமேஷின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் தாத்தா பெயர், சண்முகம். மகள் கவிதாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர், ரமேஷ். நம் வழக்கப்படி இது சரி. ஆனால் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே குடும்பப் பெயர் இருப்பதைப் பார்த்துப் பழகிய அலுவலருக்கு, குடும்பப் பெயரை மட்டும் பார்த்தால் இவர்கள் அப்பாவும் மகளும் என்பது தெரியாது. அந்த உறவை நிரூபிக்கும் முக்கியக் காகிதம் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். அதில் அப்பா, அம்மா பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

• பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கமாக எழுத முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விடாமல், அப்பா பெயரையோ குடும்பப் பெயரையோ நிரப்பி வாங்குவது நல்லது.
• பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ஆதார், பான் எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால், அந்தச் சான்றிதழைக் கொடுத்த அலுவலகத்திலேயே திருத்த விண்ணப்பியுங்கள்.
• பெயரையே மாற்ற வேண்டியிருந்தால், எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை மூலம் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடுவதுதான் முறை. அரசிதழ்ப் பக்கத்தையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.
• அங்கே விண்ணப்பத்தில் இரண்டாவது குடும்பப் பெயர் கட்டம் வந்தால் காலியாக விடுங்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரைப் புதிதாகச் சேர்க்காதீர்கள்.

மாவட்டப் பெயரும் மாறியிருக்கிறது

ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். அப்புறம் அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம். 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்தது. இப்போது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. சத்துவாச்சாரியும் ஒரு காலத்தில் தனி உள்ளாட்சி அமைப்பு, இப்போது வேலூர் மாநகராட்சிக்குள் வருகிறது. அதனால் பழைய சான்றிதழ் கொடுத்த அலுவலகத்தின் பெயரும் இன்றைய முகவரியும் ஒத்துப்போகாது.

இதற்குப் பயப்பட வேண்டாம். கையெழுத்தில் தமிழில் மட்டும் இருக்கும் பழைய சான்றிதழுக்குப் பதிலாக, அதே பதிவிலிருந்து தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் உள்ள புதிய நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்த இடத்தின் பதிவு இருக்கும் மாநகராட்சியோ, நகராட்சியோ, வட்டாட்சியர் அலுவலகமோ அதைத் தரும். பிறப்பே பதிவாகவில்லை என்றால், தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியர் உத்தரவு தேவைப்படும், அதற்கு நாள் ஆகும். விசா தேதிக்கு முன்னால் ஓடாமல், போகலாம் என்று யோசனை வந்த அன்றே இதைத் தொடங்குங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், திங்கள்கிழமைகளில் சத்துவாச்சாரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்துக் கேட்கலாம். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள் தங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் போதும், வேலூர் வரை வரத் தேவையில்லை.

திருமணம் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி எல்லா மதத்தாரும் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். கோயில் ரசீது, நிக்காஹ் பதிவு, சர்ச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து அரசுச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். பின்னாளில் மனைவியையோ கணவரையோ அங்கே அழைத்துக்கொள்ள அதுதான் அடிப்படை.

அப்போஸ்தில் என்றால் என்ன?

நம் அரசு கொடுத்த சான்றிதழ் உண்மைதான் என்று இன்னொரு நாடு எப்படி நம்பும்? அதற்கான சர்வதேச முத்திரைதான் அப்போஸ்தில். இதற்கான ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005-இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்பெயின், மெக்சிகோ இரண்டும் அதில் இருக்கின்றன. எனவே இங்கே அப்போஸ்தில் பெற்ற ஆவணத்தை அந்த நாட்டுத் தூதரகம் மறுபடியும் சான்றொப்பமிடத் தேவையில்லை.

நடைமுறை இரண்டு படி. முதலில் மாநில அரசின் சான்றொப்பம். கல்விச் சான்றிதழ்களுக்கும் பிறப்பு, திருமணச் சான்றிதழ் போன்ற தனிநபர் ஆவணங்களுக்கும் துறை வேறு வேறு. அடுத்து மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில். அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாக வாங்குவதில்லை, அது அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் மூலம்தான் கொடுக்க வேண்டும். ‘இ-சனத்’ இணையதளத்தில் இணைந்திருக்கும் நிறுவனங்களின் ஆவணங்களுக்கு ஆன்லைனிலேயே முடிக்கலாம். அமைச்சகத்தின் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், சேவை நிறுவனத்தின் கட்டணம் தனி. யாராவது ஒரு சான்றிதழுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று பிரித்து ரசீது கேளுங்கள்.

இதோடு வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. ஆங்கிலத்தில் உள்ள ஆவணத்தை ஸ்பானிஷுக்கு மொழிபெயர்க்க வேண்டும். அதை ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். அப்போஸ்தில் ஒட்டிய பிறகு மொழிபெயர்த்தால் அந்த முத்திரையும் சேர்ந்து மொழிபெயர்ப்பாகும். வரிசையை மாற்றினால் இரண்டாம் தடவை பணம் கட்ட வேண்டி வரும்.

காவல்துறை நன்னடத்தைச் சான்று, அதாவது பி.சி.சி., பாஸ்போர்ட் சேவா மூலம் பெறுவது, கட்டணம் 500 ரூபாய். வேலூர் தலைமை அஞ்சலகத்தில் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் இதற்காகச் சென்னை ஓட வேண்டியதில்லை. பி.சி.சி. மட்டும் பழசானால் ஏற்க மாட்டார்கள், அதனால் மற்ற எல்லாம் தயாரான பிறகு கடைசியில் வாங்குங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் கவனம்

ஸ்பெயினோ மெக்சிகோவோ குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகள் பட்டியலில் இல்லை. அதனால் ‘இ.சி.ஆர்.’ பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இந்த நாடுகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை. இதைக் காட்டி, “இந்த நாட்டுக்கு லைசென்ஸ் எல்லாம் வேண்டாம்” என்று சில ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். அது தவறு. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, எந்த நாட்டுக்கு ஆள் அனுப்பினாலும் ஆட்சேர்ப்பு முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உள்ளதா என்று ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது கொடுக்க வேண்டும்.

நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, 90 நாள் விசாவில் போய் இறங்கினால் என்ன ஆகும்? 91-ஆம் நாளிலிருந்து அவர் அனுமதி இல்லாமல் தங்கியவர். சட்டப்படியான ஒப்பந்தம் போட முடியாது, கொடுத்த சம்பளத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி நுழையத் தடையும் வரலாம். ஊரில் வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் செயல்பட்டு வருகிறது. பணம் கட்டும் முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

போய் இறங்கிய முதல் மாதம்

ஸ்பெயினில் தங்கி வாழ்வதற்கு நான்கு பதிவுகள் முக்கியம். நம் ஊர் ஏற்பாடுகளோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும்.

1. நியே. வெளிநாட்டவருக்கான அடையாள எண். நம் ஆதாரும் பானும் சேர்ந்த மாதிரி. சம்பளம், வரி, போன் இணைப்பு எல்லாவற்றிலும் கேட்பார்கள்.

2. தியே. அந்த எண்ணும் கைரேகையும் உள்ள அட்டை. 6 மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் ஒரு மாதத்துக்குள் காவல்துறையின் வெளிநாட்டவர் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். மாணவர்களுக்கு இந்த ஒரு மாதம் நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து தொடங்கும். வேலைக்குப் போனவர்களுக்கு, முதலாளி சமூகப் பாதுகாப்பில் பதிந்த நாளிலிருந்து.

3. பத்ரோன். நீங்கள் வசிக்கும் முகவரியை நகராட்சி அலுவலகத்தில் பதிவது. அந்த அலுவலகத்துக்கு அங்கே ‘அயுந்தமியெந்தோ’ என்று பெயர். நம்ம ஊர் ரேஷன் கார்டு போல, எந்த வேலைக்குப் போனாலும் இந்தச் சான்று கேட்பார்கள். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவும் தேவை. 6 முதல் 16 வயது வரை அங்கே கட்டாயக் கல்வி. வீட்டு ஒப்பந்தம் இல்லாமல் இந்தப் பதிவு கஷ்டம், எனவே வாடகை பேசும்போதே “பத்ரோனுக்குச் சம்மதமா?” என்று கேட்டுவிடுங்கள். குடியிருக்கும் வீட்டுக்குச் சட்டப்படியான முன்பணம் ஒரு மாத வாடகை.

4. சமூகப் பாதுகாப்பு. நம் இ.பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் சேர்ந்தது. முதலாளி உங்களை இதில் பதிவதற்கு ‘ஆல்தா’ என்று பெயர். பதிந்த பிறகு அரசு மருத்துவ மையத்தில் சுகாதார அட்டை வாங்கலாம். ஆல்தா நடந்ததா என்பதை முதலாளி வாய் வார்த்தையாகச் சொன்னால் போதாது. ‘விதா லபொரால்’ என்ற பணிக்கால அறிக்கையை நீங்களே கேட்டு எடுத்துப் பார்க்கலாம். முதல் மாதமே எடுத்துப் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ‘சீத்தா பிரேவியா’ வேண்டும், அதாவது முன்கூட்டியே ஆன்லைனில் நேரம் வாங்குவது. அது இல்லாமல் வாசலில் போய் நின்றால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரிய நகரங்களில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. போன வாரமே முயற்சியைத் தொடங்குங்கள்.

சம்பளமும் எண்ணும்

2025-இல் ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியம் முழு நேர வேலைக்கு மாதம் 1,184 யூரோ, ஆண்டுக்கு 14 தவணை. 12 மாதச் சம்பளத்தோடு கோடையிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் ஒவ்வொரு கூடுதல் தவணை. சில நிறுவனங்கள் அந்த இரண்டையும் 12 மாதத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். எனவே ஒப்பந்தத்தில் 12 தவணையா 14 தவணையா என்று பாருங்கள். ஆண்டுக்கு 30 நாள் விடுமுறை உண்டு. மாதாமாதம் ‘நோமினா’ என்ற சம்பளச் சீட்டு வாங்கிச் சேர்த்து வையுங்கள், அனுமதியைப் புதுப்பிக்கும்போது உதவும்.

இன்னொன்று: அங்கே ஆயிரத்துக்குப் புள்ளியும், தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். 1.184,50 என்று எழுதியிருந்தால் அது ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு யூரோ ஐம்பது சென்ட். ஒப்பந்தத்தைப் படிக்கும்போது குழம்ப வேண்டாம்.

மாணவர்கள் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை செய்யலாம். குடும்பத்தை அழைத்துக்கொள்ள நினைக்கும் தொழிலாளர்கள் பொதுவாக ஒரு ஆண்டு வசித்து, அடுத்த காலத்துக்கும் அனுமதி பெற்றிருக்க வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதி எடுத்துப் போனாலும், குடியிருக்கத் தொடங்கி 6 மாதத்துக்குப் பிறகு அது செல்லாது. அங்கேயே தேர்வு எழுதித்தான் உரிமம் வாங்க வேண்டும்.

மொழி: நமக்கு ஒரு வசதி இருக்கு

காலணித் தொழிற்சாலையிலும் நகராட்சி கவுன்ட்டரிலும் ஆங்கிலம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஸ்பானிஷ் கொஞ்சமாவது வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், தமிழ் பேசும் நாக்குக்கு இது கஷ்டமான மொழி இல்லை. உயிரெழுத்துகள் அ, எ, இ, ஒ, உ என்று நம்மைப் போலவே நேராக ஒலிக்கும். ஞ அவர்களிடமும் உண்டு, நாட்டின் பெயரே ‘எஸ்பாஞா’. ர, ற வேறுபாடும் உண்டு. ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெற்றோ’ போல ரகரத்தை அழுத்தி உருட்டினால் நாய். ட வராது, நம் த-தான் வரும். எழுத்தில் ‘ஜே’ இருந்தால் ‘ஹ’ என்று படியுங்கள், ‘ஹெச்’ இருந்தால் ஒலிக்கவே வேண்டாம்.

மரியாதையும் நம்மைப் போலவே. ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தேத்’ என்றால் நீங்கள். ஸ்பெயினில் சீக்கிரமே ‘தூ’-வுக்கு வந்துவிடுவார்கள், அதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அலுவலகத்திலும் வயதானவர்களிடமும், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களிலும், ‘உஸ்தேத்’ சொல்வதே பாதுகாப்பு. கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ள சில சொற்கள்:

• ஓலா, புவேனோஸ் தியாஸ்: வணக்கம், காலை வணக்கம்
• போர் ஃபவோர், கிராசியாஸ்: தயவுசெய்து, நன்றி
• நோ எந்தியெந்தோ: எனக்குப் புரியவில்லை
• மாஸ் தெஸ்பாசியோ: கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்
• தோந்தே எஸ்தா? எங்கே இருக்கிறது?
• குவாந்தோ குவெஸ்தா? எவ்வளவு?
• அயூதா! உதவி!

முறையாகக் கற்க விரும்புபவர்களுக்கு, ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் புதுடெல்லியில் இருக்கிறது. ‘தெலே’ என்ற மொழித் தேர்வின் சான்றிதழ் எல்லா இடத்திலும் ஏற்கப்படும்.

சாப்பாடு, நேரம்

மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். சின்ன ஊர்களில் மதியம் 2 முதல் 5 வரை கடைகள் மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் விடுமுறை. ஆகஸ்டில் பல தொழிற்சாலைகளே பூட்டிவிடுவார்கள், அந்த மாதத்தில் எந்த வேலையும் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் ‘செர்தோ’, ‘ஹமோன்’, ‘மந்தேகா’ என்ற மூன்று சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது பன்றி, இரண்டாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை, மூன்றாவது ஸ்பெயினில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. கிறிஸ்துமஸ் காலத்தில் தரும் ‘மந்தேகாதோ’, ‘போல்வொரோன்’ போன்ற இனிப்புகளிலும் இந்தக் கொழுப்பு சேரும். சைவர்கள் “கறி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால், சாலட்டில் சூரை மீன் வந்து நிற்கும். மீன், ஹமோன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். ‘தோர்தியா’ கேட்டால் ஸ்பெயினில் உருளைக்கிழங்கு முட்டை ஆம்லெட் வரும், மெக்சிகோவில் சோள ரொட்டி வரும்.

மெக்சிகோ போகிறவர்களுக்கு

செல்லுபடியாகும் அமெரிக்க விசா அல்லது ஷெங்கன் விசா கையில் இருந்தால், சுற்றுலா, வியாபாரப் பயணத்துக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை என்ற விதி இருந்து வருகிறது. டிக்கெட் போடும் முன் மெக்சிகோ தூதரக அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தங்குவதற்கான விசாவில் போகிறவர்கள் இறங்கிய 30 நாளுக்குள் குடியேற்ற அலுவலகத்தில் அதைக் குடியிருப்பு அட்டையாக மாற்ற வேண்டும். ஸ்பெயினில் குழாய்த் தண்ணீர் பொதுவாகக் குடிக்கலாம், மெக்சிகோவில் கூடாது. ஸ்பெயினில் மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட். மெக்சிகோவில் 127 வோல்ட், நம் மிக்ஸி அங்கே சரியாக ஓடாது.

ஏதாவது ஆகிவிட்டால்

• அவசர உதவிக்கு ஸ்பெயினில் 112, மெக்சிகோவில் 911.
• கணவரோ துணைவரோ துன்புறுத்தினால் ஸ்பெயினில் பெண்கள் 016 எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை.
• பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் ‘தெனுன்சியா’, அதாவது புகார். அதன் நகலோடு மாட்ரிட்டில் உள்ள இந்தியத் தூதரகம். பார்சிலோனா, மாட்ரிட் மெட்ரோ ரயில்களில் பிக்பாக்கெட் அதிகம், பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.
• கைது செய்யப்பட்டால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மொழி புரியாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.
• சம்பளம் தரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்றால், வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். ஊரில் இருக்கும் குடும்பத்தாரும் பதியலாம்.
• ஏஜென்ட் ஏமாற்றினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் ரசீதுகளோடு புகார் கொடுங்கள்.

கிளம்பும் முன் வீட்டில் ஒரு ஃபைல் போட்டு வைத்துவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீடு, அப்போஸ்தில் ஆன சான்றிதழ்கள், ஏஜென்ட் ரசீதுகள், அங்கே தங்கும் முகவரி, முதலாளியின் போன் நம்பர் எல்லாவற்றின் நகலும் அதில் இருக்கட்டும். குளிர்காலத்தில் ஸ்பெயின் நேரம் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால் என்று அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793-ஐ அழைத்துக் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு அல்ல, கட்டும் முன்பே.